ஸாஹிரின் காலுக்குத் தெரிந்தது

ஸாஹிர் வண்டியில் மலை இறங்குகிறவர்கள் மதிய லுஹர் தொழுகையை மேலேயே முடித்துக்கொள்வது நல்லது, கீழே போய்ச் சேர்வதற்குள் மாலை அஸர் நேரம் வந்துவிடும் என்று அவன் மச்சினன் ஹுமைத் சொல்வான். கல்யாண வீடோ மவுத்து வீடோ, ஸாஹிர் உள்ளே நுழைந்தால் இதைச் சொல்லாமல் விடமாட்டான். உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஸாஹிரும் சேர்ந்து சிரிப்பான். அவன் மனைவி ஸுவைனாதான், பிக்கப்பில் மாதுளம்பழம் ஏற்றி இறங்குகிற தன் தம்பிக்குத் திருப்பிக் கொடுப்பாள்.

"நீ இறங்குற வேகத்துக்கு உன் மாதுளம்பழமெல்லாம் சந்தைக்குப் போறப்ப சாறாத்தான் போவுதாமே? பாட்டில்ல அடைச்சு வித்துடேன்."

ஓமானில் எங்கள் ஜபல் அக்தர் மலையிலிருந்து அடிவாரத்துக்கு இறங்க ஒரே ஒரு தார்ச்சாலைதான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியா என்று அடிவாரத்துச் சாவடியில் போலீஸ்காரர்கள் பார்த்த பிறகுதான் மேலே விடுவார்கள். ஏறுவதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. இறங்கும்போதுதான் வம்பு. வெளியூர்க்காரர்கள் ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே வருவார்கள். 'டி'யில் இருந்தால் வண்டி தானாகவே மேல் கியருக்குப் போய்விடும். என்ஜின் பிடித்து நிறுத்தாது. மொத்த பாரமும் பிரேக்கின் தலையில் விழும். பாதி மலையில் சக்கரத்திலிருந்து புகை கிளம்பும். அதற்குப் பிறகும் மிதித்துக்கொண்டே வந்தால், மிதிகட்டை பஞ்சு போல உள்ளே போகும். அப்படி வருகிறவர்களுக்காகவே சாலையோரத்தில் சில இடங்களில் மேட்டைப் பார்த்து ஒரு கிளைப்பாதை வெட்டி, சரளைக்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்றினால் கல்லில் புதைந்து வண்டி நிற்கும்.

மலைமேல் இருக்கிற ஓட்டல் ஒன்றுக்கு விருந்தாளிகளை ஏற்றி இறக்குவது ஸாஹிரின் வேலை. இறக்கம் தொடங்குகிற இடத்தில் கியர்க்கம்பியைக் கடைசிக் கீழ் கியரான 'எல்'லுக்கு இழுப்பான். என்ஜின் ஊளையிட ஆரம்பிக்கும். விருந்தாளிகள் பயந்துபோய் வண்டி ரிப்பேரா என்று கேட்பார்கள்.

"ரிப்பேர் இல்ல. சக்கரம் ஓடப் பாக்குது, என்ஜின் விட மாட்டேங்குது. ரெண்டும் சண்டை போடுது. நாம நடுவுல நிம்மதியாப் போவோம்" என்பான். பிரேக்கை வளைவில் ஒரு தரம் தொட்டு எடுப்பதோடு சரி. அந்தச் சாலையில் அத்தனை வருஷம் ஓட்டியும் அவன் வண்டியில் ஒருவருக்கும் கீறல் பட்டதில்லை.

அன்றைக்குக் காலையில் அவன் ஓட்டல் வேலைக்குப் போகவில்லை. மழையில் சரிந்த தோட்டச் சுவரைக் கட்டுவதற்கு சிமெண்ட் மூட்டைகளைத் தன் சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தான். இன்னும் இறக்கவில்லை. உள்ளேயிருந்து மகள் ரய்யா கத்துகிற சத்தம் கேட்டது. ஒன்பது வயது. ஓடிப்போய்ப் பார்த்தால், ஸுவைனா சமையற்கட்டில் சுவரோடு சாய்ந்து கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முந்தின நாளிலிருந்தே அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது. சொல்லவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஹுமைதும் அவன் மனைவி காலியாவும் வந்தார்கள். மேலே இருக்கிற சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார், ஸாஹிரை வெளியே கூப்பிட்டார்.

"கரு குழாயில தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. உள்ள ரத்தம் கொட்டுது. ஆபரேஷன் பண்ணணும். இங்க முடியாது, கீழ நிஸ்வா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"ஆம்புலன்ஸ்?"

"பிரசவ கேஸ் ஒண்ண ஏத்திக்கிட்டு இப்பதான் இறங்கிச்சு. அது திரும்பி வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. நான் போன் போட்டுச் சொல்லிடுறேன், கீழ தயாரா இருப்பாங்க. கிளம்புங்க."

கரு இருந்ததே ஸாஹிருக்கு அப்போதுதான் தெரியும். ஸுவைனாவுக்கும் தெரிந்திருந்ததா என்று அவனுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

ஒரு பாட்டில் மருந்துநீரைக் கையில் ஏற்றிவிட்டார்கள். காலியா பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பின் இருக்கையில் ஸுவைனாவின் தலையை ஹுமைத் மடியில் வாங்கிக்கொண்டான். ரய்யாவை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. அவள் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சிமெண்ட் மூட்டைகள் வண்டியின் பின்புறத்தில் அப்படியே கிடந்தன. அவற்றை இறக்கிப் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மேட்டுச் சமவெளியில் ஸாஹிர் பறந்தான். ஹுமைதே அப்படி ஓட்டியிருக்க மாட்டான். இறக்கம் தொடங்கும் வளைவு வந்தது. ஸாஹிரின் கை கியர்க்கம்பிக்குப் போனது. 'எல்'லுக்கு இழுத்தான். என்ஜின் அலறியது. வண்டி பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தது போல அடங்கியது.

"மச்சான், என்ன பண்றீங்க?" என்றான் ஹுமைத்.

"இறக்கம்டா."

"இறக்கம்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்குமா இந்த ஆமை ஓட்டம்? டி-யில போடுங்க!"

"வண்டியில பாரம் இருக்கு ஹுமைத். இந்தச் சரிவுல டி-யில விட்டா பிரேக் தாங்காது. நாலாவது வளைவுலயே சூடேறிடும்."

"நான் தினம் இறங்குறேன், எனக்கு என்ன ஆச்சு?"

"உன் வண்டியில இருக்கறது மாதுளம்பழம்."

மழை பெய்து ஓய்ந்த நாள். மலையிலிருந்து உதிர்ந்த கற்கள் சாலையில் கிடந்தன. எதிரில் ஒரு தண்ணீர் லாரி ஏறி வந்தது. என்ஜின் ஒரே ஸ்தாயியில் கத்திக்கொண்டிருந்தது. ரய்யா இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

"ரய்யா வாப்பா" என்று பின்னாலிருந்து ஸுவைனா கூப்பிட்டாள். கணவனை எப்போதும் மகள் பேரைச் சேர்த்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

"சொல்லு."

"எவ்ளோ தூரம் இருக்கு?"

"வந்துட்டோம்."

"பொய் சொல்றீங்க. கீழ வந்தா காது அடைக்குமே, இன்னும் அடைக்கவே இல்ல எனக்கு."

காலியா அழ ஆரம்பித்தாள். ஹுமைத் அவளைச் சும்மா இரு என்று அதட்டினான். கொஞ்ச தூரம் போனதும் ஸுவைனா குளிர்கிறது என்றாள். ஹுமைத் தன் தலைத்துணியை அவிழ்த்து அவள் மேல் போர்த்தினான். பிறகு அவள், யாரையும் குறிப்பிடாமல், "கொஞ்சம் சீக்கிரம்" என்றாள்.

அந்த ஒரு சொல்லுக்காக ஸாஹிர் கம்பியை 'டி'க்குத் தள்ளினான்.

என்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. "அப்படித்தான்! அப்படித்தான் மச்சான்!" என்றான் ஹுமைத். வளைவு வந்தது, ஸாஹிர் பிரேக்கை மிதித்தான், பிடித்தது. அடுத்த வளைவில் மிதித்தான், பிடித்தது. மூன்றாவதில் மிதித்தபோது மிதிகட்டை வழக்கத்தைவிட ஒரு விரல்கடை கூடுதலாக உள்ளே போனது. மெத்தென்று. வண்டி நிதானித்தது, வளைந்தது, ஒன்றும் ஆகவில்லை. பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. ஸாஹிரின் காலுக்கு மட்டும்தான் தெரிந்தது.

முன்னால் இன்னும் பாதி மலைக்கு மேல் இருந்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பக்கத்தில் ரய்யா.

அவன் கம்பியை 'இரண்டு'க்கு இழுத்தான், வேகம் குறைந்ததும் 'எல்'லுக்கு இழுத்தான். என்ஜின் மறுபடி அலறியது.

"ஏன்? ஏன்?" ஹுமைத் முன் இருக்கையின் முதுகில் குத்தினான். "நல்லாத்தானே போச்சு? அவளே கேட்டாளே, காதுல விழலையா?"

"பிரேக் போகுதுடா."

"ஒண்ணும் போகல! நல்லாப் பிடிச்சுது, பாத்துட்டுதானே இருந்தேன்! பயந்தாங்கொள்ளி! அவளைக் கொல்லப் போறீங்க!"

ஸாஹிர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. அதன் பிறகு ஸுவைனா பேசவில்லை. சாவடியைத் தாண்டிச் சமதரைக்கு வந்ததும் மறுபடி பறந்தான்.

நிஸ்வா மருத்துவமனையில் வாசலிலேயே தள்ளுவண்டியோடு நின்றார்கள். வாங்கிக்கொண்டு ஓடினார்கள். நால்வரும் தாழ்வாரத்தில் நின்றார்கள். யாரோ ரய்யாவுக்கு ஒரு பழச்சாறுப் பொட்டலம் கொடுத்தார்கள். அவள் குடித்து முடிப்பதற்குள் மருத்துவர் வெளியே வந்துவிட்டார். வயதான மனிதர், கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. மேசையில படுக்க வச்சதும் இதயம் நின்னுடுச்சு. எவ்வளவோ பாத்தோம்." பிறகு, எல்லா மருத்துவர்களுக்கும் வாயில் வருகிற அந்த வார்த்தையையும் சொன்னார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்."

ஹுமைத் திரும்பி ஸாஹிரைப் பார்த்தான்.

"கேட்டியா?" என்றான். அதுவரை அவன் மச்சானை 'நீங்க' என்றுதான் பேசியிருந்தான். அன்றிலிருந்து 'நீ'.

அன்று மாலையே மேலே கொண்டுவந்து அடக்கம் செய்தோம். தொழுகையில் ஹுமைத் முதல் வரிசையில் ஒரு கோடியில் நின்றான், ஸாஹிர் மறுகோடியில் நின்றான். மூன்று நாளும் துக்கம் கேட்க வந்தவர்கள் காவா காப்பியும் பேரீச்சையும் எடுத்துக்கொண்டு யார் பக்கம் உட்காருவது என்று தயங்கினார்கள். ஹுமைத் யார் கேட்டாலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னான். "டி-யில போட்டான், நல்லா ஓடுச்சு. மறுபடி எல்-லுக்கு இழுத்துட்டான். நான் கையெடுத்துக் கும்பிடாத குறை." ஸாஹிர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. என்ன சொல்வது? வண்டி பள்ளத்தில் விழுந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். விழாமல் வந்து சேர்ந்ததற்கு எதைக் காட்டுவது?

ரய்யா பகலில் காலியாவோடு இருந்தாள். இரவு அப்பாவோடு வந்து படுப்பாள். அவள் அந்த நாளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

துக்கம் முடிந்ததும் ஸாஹிர் வேலைக்குப் போனான். இறக்கம் தொடங்கும் இடத்தில் கை தானாகக் கம்பிக்குப் போகும், 'எல்'லுக்கு இழுக்கும், என்ஜின் ஊளையிடும். விருந்தாளிகள் ஏதாவது கேட்டால் பதில் வராது. ஒவ்வொரு வளைவிலும் ஒரே நினைப்பு: இங்கே வேகமாகப் போயிருக்கலாமோ? இங்கே? அந்த மூன்றாவது வளைவில் கால் சொன்னதை அவன் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தான். நினைக்க நினைக்க அது மங்கியது. உண்மையாகவே மெத்தென்று போனதா? இல்லை, பயத்தில் அப்படித் தோன்றியதா? ஒரு விரல்கடை. அவ்வளவுதான். அதை வைத்து ஒருத்தியின் உயிரை அளந்துவிட்டேனா?

ஒரு நாள் ஊர்க் கடையில் அவன் சிகரெட் வாங்கிக்கொண்டு நின்றபோது ஹுமைத் உள்ளே வந்தான். ஸாஹிரைப் பார்த்ததும் வெளியே போகத் திரும்பினான்.

"ஹுமைத், நில்லு. கால்ல உணர்ந்தேன்டா. சத்தியமா. மிதிகட்டை உள்ள போச்சு."

"போச்சுன்னு நீ சொல்ற."

"ரய்யா முன்னால உக்காந்திருந்தா. நீ இருந்த. உன் பொண்டாட்டி இருந்தா."

"எங்க உசிருக்குப் பயந்து அவ உசிரை விட்டியா? யார் கேட்டா உன்னை? நான் கேட்டேனா? விழுந்தா விழுந்துட்டுப் போறோம், எல்லாரும் சேர்ந்தே போயிருப்போம். இப்ப எனக்கு அந்த நிம்மதியாவது இருந்திருக்கும்." இரண்டு எட்டு உள்ளே வந்தான். "அவ என் மடியில கிடந்து 'சீக்கிரம்'னு சொன்னா. உன்னால அதைக் கேட்டுட்டு மறுபடி அந்தக் கம்பியை இழுக்க முடிஞ்சுது. எப்படி முடிஞ்சுது? அதை மட்டும் சொல்லு எனக்கு."

கடைக்காரர் கல்லாப்பெட்டியைத் திறந்து மூடினார்.

அடுத்த வாரம் விடுமுறை நாளில், காலை வெயில் நன்றாக ஏறிய பிறகு, ஸாஹிர் தன் சொந்த வண்டியை எடுத்தான். தனியாக. இறக்கம் தொடங்கும் இடத்தில் கை வழக்கம்போலக் கம்பிக்குப் போனது. அதை எடுத்து ஸ்டீயரிங்கின் மேல் வைத்துக்கொண்டான். 'டி'யிலேயே விட்டான். வாழ்நாளில் முதல் தடவையாக, ஹுமைத் இறங்குவது போல இறங்கினான். வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்தினான். பாதி வழியில் கருகல் நாற்றம் வந்தது. ஆனால் பிடித்தது. கடைசி வளைவு வரை பிடித்தது.

சாவடியில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். "அண்ணே, முன்சக்கரத்துல புகை வருதே. ஓரமா நிறுத்தி ஆற விடுங்க. நீங்க இந்த மலைக்காரர்தானே? நீங்களே இப்படி வந்தா எப்படி?"

ஸாஹிர் கடிகாரத்தைப் பார்த்தான். அன்றைக்கு இறங்க ஆனதைவிடக் கால் மணி நேரம் குறைவாகவே ஆகியிருந்தது. பேரீச்சை மரத்து நிழலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்தான். புகை மெல்ல அடங்கியது. கால் மணி நேரம். அவள் தாழ்வாரத்தைத் தாண்டியதும், மேசைக்குப் போனதும், இதயம் நின்றதும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். முடிந்திருக்கிறது. இறங்க முடிந்திருக்கிறது. நான்தான் இறங்கவில்லை. அவன் ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டான். போலீஸ்காரர் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் வரவில்லை.

சில நாட்கள் அப்படியே நடமாடினான். சாப்பாடு இறங்கவில்லை. காலியா கொடுத்தனுப்பிய ரொட்டியும் மீனும் மூடியபடியே கிடக்கும். பிறகு ஒரு காலையில், தோட்டத்து ஓரம் இறக்கிப் போட்டிருந்த சிமெண்ட் மூட்டைகள் மேல் கண் போனது. அன்றைக்கு அவ்வளவும் வண்டியில் இருந்தன. ஆட்கள் வேறு. இறங்கிப் பார்த்தபோது வண்டி வெறும் வண்டி. அப்படியானால் அந்த இறக்கம் எதையும் சொல்லவில்லை.

அவன் மூட்டைகளைத் தூக்கி ஏற்றினான். பின் இருக்கையில் மூன்று பேர் பாரத்துக்கு மணல் மூட்டைகள் வைத்தான். முன் இருக்கையிலும் ரய்யாவின் எடைக்கு ஒன்றை வைத்தான். வைத்துவிட்டு, அது சரியக்கூடாதென்று பட்டையைப் போட்டுக் கட்டினான்.

சமவெளி. இறக்கம். அன்றைக்குக் கம்பியைத் தள்ளிய இடம் வரை 'எல்', அங்கிருந்து 'டி'. இந்த முறை வண்டி வழுக்கவில்லை, தள்ளியது. முதல் வளைவிலேயே பின்னாலிருந்து பாரம் உந்துவது தெரிந்தது. மூன்றாவது வளைவில் கால் எதிர்பார்த்து மிதித்தது.

மெத்தென்று உள்ளே போனது.

அதே ஒரு விரல்கடை. ஸாஹிருக்கு மயிர் சிலிர்த்தது. இதுதான். இதேதான். அங்கேயே 'எல்'லுக்கு இழுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு இழுத்ததால்தானே எதுவும் தெரியாமல் போனது? மேலும் போனான். இன்னும் இரண்டு வளைவு. நாற்றம், புகை. அடுத்து மிதித்தபோது கட்டை தரையைத் தொட்டது, வண்டி கேட்கவே இல்லை. பிரேக் எண்ணெய் கொதித்துவிட்டது. மீண்டும் மீண்டும் மிதித்தான். கம்பியை 'எல்'லுக்கு இழுத்தான். அந்த வேகத்தில் கியர்ப்பெட்டி அதை ஏற்கவில்லை. மெதுவாக இருக்கும்போதே பிடித்திருக்க வேண்டும். கைப்பிரேக்கை இழுத்தான். கருகிய நாற்றத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை. பாறை ஓரமாக உரசிக்கொண்டு அந்த வளைவைத் தாண்டினான். அதற்கு அடுத்து, அல்லாஹ்வின் கருணையால், சரளை மேடு இருந்தது. உள்ளே திருப்பினான். கற்கள் கண்ணாடியில் வந்து அடித்தன. மணல் மூட்டைகள் முன்னால் பாய்ந்து அவன் தோளில் மோதின. வண்டி புதைந்து நின்றது.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து கண்ணை மறைத்தது. ஸாஹிர் கொஞ்ச நேரம் சிரித்தான். சரி. நான் செய்தது சரி. அதோ அந்த வளைவில் நாங்கள் ஐந்து பேரும் போயிருப்போம். அவன் ஒரு கையால் போனைத் துழாவி எடுத்து ஹுமைதுக்கு அடித்தான். ஆச்சரியமாக, ஹுமைத் எடுத்தான்.

"சரளை மேட்டுல இருக்கேன். வா. நீ பாக்கணும்."

ஹுமைத் தன் பிக்கப்பில் வந்தான். ஓடிவந்து கதவை இழுத்தான், திறக்கவில்லை. மறுபக்கமாக ஏறி, குறுக்கே விழுந்து கிடந்த மூட்டையைத் தள்ளி, ஸாஹிரை வெளியே இழுத்துக் கல்லின் மேல் உட்கார வைத்தான். தலைத்துணியை நெற்றியில் கட்டினான். அதன் பிறகுதான் வண்டிக்குள் இருந்ததைப் பார்த்தான். சிமெண்ட் மூட்டைகள். கிழிந்த மணல் மூட்டைகள். முன் இருக்கையில் பட்டை போட்டுக் கட்டிய அந்தச் சின்ன மூட்டை.

கையை நீட்டி அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"இது யாரு? ரய்யாவா?"

"ஆமா."

"டி-யில வந்தியா?"

"ஆமா. அதே மூணாவது வளைவு ஹுமைத். அதே இடத்துல போச்சு. அன்னிக்கு நான் உணர்ந்தது நெசம். இப்பப் புரியுதா? விட்டிருந்தா நாமளும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டோம், அவளும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டா. எப்படிப் பாத்தாலும்…"

"புரியுது" என்றான் ஹுமைத். அவனும் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்தான். "நீ செஞ்சது சரிதான். சரி. அதனால?"

ஸாஹிர் அவனைப் பார்த்தான்.

"அதனால என்ன மச்சான்? அவ எங்க?" ஹுமைத் முழங்காலைக் கட்டிக்கொண்டு சாலையைப் பார்த்துப் பேசினான். "ராத்திரி படுக்கும்போது உன்னைத் திட்டுவேன். காலையில எந்திரிச்சதும் உன்னைத் திட்டுவேன். அது ஒண்ணுதான் எனக்கு ஓடிட்டு இருந்துச்சு. இப்ப அதையும் எடுத்துக்கிட்ட. இனிமே நான் யாரைப் பிடிச்சுக்கறது?"

ஸாஹிர் மறுபடி சிரிக்க ஆரம்பித்தான்; அது எப்போது அழுகையானது என்று அவனுக்கே தெரியவில்லை. ஹுமைத் அவனைத் தொட்டுத் தேற்றவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. மீட்பு வண்டி வரும் வரை இருவரும் வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஊருக்கு வேறு விதமாகத்தான் செய்தி போனது. ஸாஹிர், அத்தனை வருஷம் 'எல்'லில் இறங்கிய மனிதன், 'டி'யில் வந்து விழுந்திருக்கிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருக்க முடியும் என்று முடிவு கட்டினார்கள். சாகப் போயிருக்கிறான். மனைவியைக் கொன்றுவிட்டோம் என்று மனசாட்சி அறுத்திருக்கிறது. பாவம், ஆனால் செய்தது செய்ததுதானே. பார்க்க வந்தவர்கள் கட்டுப்போட்ட தோளைப் பார்த்துவிட்டு, தற்கொலை எவ்வளவு பெரிய பாவம் என்று ஜாடையாகப் பேசிவிட்டுப் போனார்கள்.

ஹுமைத் பள்ளிவாசல் வாசலில் நின்று மறுத்தான். "இல்ல, சோதிச்சுப் பாக்கப் போனாரு. பிரேக் உண்மையாவே போயிருக்கும். நான்தான் அன்னிக்குத் தெரியாமப் பேசிட்டேன்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். போகிற வழியில், பாரு, எவ்வளவு பெரிய மனசு, மச்சானை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறான் என்றார்கள். ஹுமைத் முன்பு சொன்னதை நம்பியவர்களில் ஒருவர்கூட இதை நம்பவில்லை.

ஓட்டல்காரர்கள் தோள் ஆறும் வரை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஆறிய பிறகு கூப்பிடவில்லை.

ரய்யாவிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவளாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். விபத்துக்கு மறுநாள் காலியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்தாள். வாசற்படியில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"வாப்பா, நீங்களும் உம்மாகிட்ட போகப் பாத்தீங்களா?"

"இல்லம்மா. ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும்னு போனேன்."

"தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"தெரியாம இருந்தா என்ன?"

ஸாஹிர் கட்டுப்போட்ட தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"என்னை யாரு பாத்துக்குவாங்கன்னு நெனைச்சீங்களா?"

நினைக்கவில்லை. அவள் எடைக்கு மூட்டை கட்டி வைத்தவன் அதை மட்டும் நினைக்கவில்லை. அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் காலியாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அதிலிருந்து ரய்யா இரவிலும் மாமா வீட்டில்தான் படுக்கிறாள். ஸாஹிர் தினமும் போவான். காலியா சோறு வைப்பாள். ஹுமைத் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவான். உப்பு வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பழைய கேலி ஒன்றும் கிடையாது. ரய்யா பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அப்பா எழுந்து போகும் வரை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் ஸாஹிர் அவளுக்குப் புது உடை வாங்கிக்கொண்டு போனான்.

"பெருநாளன்னிக்கு நம்ம வீட்டுக்கு வர்றியா?"

அவள் யோசித்தாள். "மாமா வருவாங்களா?"

"வருவாங்க."

"மாமி?"

"எல்லாரும் வருவாங்க."

"அப்ப எல்லாரும் இங்கயே இருந்துட்டா என்ன?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உடையை வாங்கி அளவு பார்த்தாள், சரியாக இருக்கிறது என்றாள், மடித்து வைத்தாள். ஸாஹிர் சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டான்.